தண்ணிக்குள்ள ஓடறதுக்கு ஒரு ஃபோம் பெல்ட், 11 வாரம் கட்டிப் பார்த்துட்டு எழுதறேன்

முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்புல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது ஓடி ஓடியே எலும்புல விழற மெல்லிய விரிசல். மாரத்தான் ட்ரெய்னிங்ல 13வது வாரத்துல இருந்தப்போ வந்துச்சு, முதல்ல எடுத்த எக்ஸ்ரேல ஒண்ணுமே தெரியல (ஆரம்பத்துல பெரும்பாலும் தெரியாதாம், ரெண்டு மூணு வாரம் ஆகணும், சில சமயம் அப்பவும் தெரியாது), சரி தசைப்பிடிப்புதான்னு நினைச்சு இன்னும் 10 நாள் ஓடித் தொலைச்சேன், அப்புறம் எம்ஆர்ஐல பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. டாக்டர் ஓட்டத்த மொத்தமா நிறுத்தச் சொல்லிட்டார். ரெண்டாவது வாரம் ஃபிசியோ சொல்லித்தான் இந்த பெல்ட் வாங்கினேன். அன்னையில இருந்து வாரத்துக்கு 4 நாள், மொத்தம் கிட்டத்தட்ட 40 தடவை கட்டியாச்சு, அதனால தைரியமா எழுதலாம்.

பொருள் ரொம்ப சிம்பிள். முதுகுப்பக்கம் அகலமா ஒரு ஃபோம் பட்டை, முன்னாடி ஒரு ஸ்ட்ராப், ஒரு பிளாஸ்டிக் பக்கிள், அவ்வளவுதான். இத கட்டிக்கிட்டு கால் தரைய தொடாத ஆழத்துல இறங்கணும், தல மட்டும் வெளிய, உடம்பு நேரா நிக்கும், அப்படியே ஓடற மாதிரி கை கால வீசணும். எலும்புல அடியே விழாது, ஆனா காத்த விட தண்ணி கிட்டத்தட்ட 800 மடங்கு அடர்த்தி, ஒவ்வொரு தடவ கால இழுக்கும்போதும் தண்ணி பிடிச்சு இழுக்கறது நல்லா தெரியும்.

முதல் நாள் நொந்துட்டேன். பெல்ட் மெதுவா மேல ஏறி ஏறி நெஞ்சுக்கூட்டுல வந்து இடிக்குது, நான் ஒரு கையால அத கீழ இழுத்துக்கிட்டே சைக்கிள் மிதிக்கற மாதிரி கால சுத்திட்டு இருக்கேன், அரைமணி நேரம் ஆகியும் மூச்சே வாங்கல. அப்போ பக்கத்துல நடந்துட்டு இருந்த ஒரு வயசான அம்மா, "தம்பி, தண்ணிக்கு வெளிய இறுக்குனது பத்தாது, உள்ள இறங்கி மூச்ச விட்டுட்டு இன்னொரு தடவ இறுக்கு, ஸ்ட்ராப் தொப்புளுக்குக் கீழ இருக்கணும்"னாங்க. "சரிங்கம்மா"ன்னு அப்படியே செஞ்சேன், நனைஞ்சதும் ஸ்ட்ராப் கொஞ்சம் நீளுது போல, ரெண்டு விரக்கடை உள்ள வந்துச்சு, அதுக்கப்புறம் பெல்ட் அசையவே இல்ல. அவங்க மூட்டு மாத்து ஆபரேஷன் ஆனவங்களாம், அடுத்த ரெண்டு மாசமும் தினம் என் கால விசாரிச்ச ஒரே ஆள் அவங்கதான்.

ஓடற முறைய பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பெல்ட் நல்லா இல்லன்னு எழுதறவங்கள்ல பாதிப்பேர் தப்பா ஓடறாங்கன்னு நினைக்கறேன். உடம்பு ஒரு துளி முன்னாடி சாயலாம், இடுப்புல மடங்கக்கூடாது. முட்டி மேல வரணும், அப்புறம் கால் நேரா கீழ போய் பின்னாடி தள்ளணும். கைய லேசா மூடி வச்சுக்கணும், துடுப்பு மாதிரி தண்ணிய அள்ளினா கால் வேலையே செய்யாது. நிலத்துல ஓடற அளவுக்கு வேகமா கால் மாறாது, அது பரவாயில்ல. ஒரே மாதிரி 40 நிமிஷம் ஓடினா பைத்தியம் பிடிச்சுடும், அதனால நான் இன்டர்வல் மட்டும்தான் பண்ணேன், 1 நிமிஷம் முழு மூச்சு 30 செகண்ட் லேசுன்னு 15 தடவ, இல்லன்னா 3 நிமிஷம் 6 தடவ.

ஹார்ட் ரேட் பார்த்து யாரும் மனசு உடையாதீங்க. தண்ணியோட அழுத்தம் ரத்தத்த நெஞ்சுப்பக்கம் தள்றதால இதயம் ஒவ்வொரு துடிப்புலயும் கூட ரத்தம் அனுப்புது, அதனால அதே உழைப்புக்கு துடிப்பு நிமிஷத்துக்கு 10, 15 குறைவா காட்டும், போதாக்குறைக்கு மணிக்கட்டுல கட்டற வாட்ச் தண்ணிக்குள்ள சரியாவும் படிக்காது. பேச முடியுதா, ரெண்டு வார்த்தைக்கு மேல வரலையான்னு மட்டும் பாருங்க.

குறைன்னா பக்கிள்தான். 6வது வாரம், சரியா ஒரு இன்டர்வல் நடுவுல, பக்கிளோட ஒரு பல் உடைஞ்சு பெல்ட் கழண்டு மிதந்து போயிடுச்சு. எனக்கு நீச்சல் தெரியும், கைப்பிடி பக்கத்துல இருந்துச்சு, தப்பிச்சேன். இது உயிர் காக்கற ஜாக்கெட் கிடையாது, நீச்சல் தெரியாதவங்க தனியா ஆழத்துல இறங்கவே கூடாது, இத அட்டைப்பெட்டியில பொடி எழுத்துல போடாம பெல்ட் மேலயே பெருசா போட்டிருக்கணும். பக்கிள் மாத்தித் தந்தாங்க, ஆனா 12 நாள் ஆச்சு, அந்த 12 நாள் நான் இருந்த இருப்ப சொல்ல முடியாது. இன்னொன்னு, வெறும் உடம்புல கட்டினா விலாவுல தோல் உரியுது, உள்ள ஒரு டைட் டீசர்ட் போட்டுக்கோங்க. குளோரின்ல ஸ்ட்ராப் சீக்கிரம் தளரும், ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில அலசி நிழல்ல காய வைங்க.

எல்லா காயத்துக்கும் இது ஒத்து வராது. இடுப்புப் பக்க எலும்புல ஃப்ராக்சர்னா தண்ணிய எதிர்த்து தொடைய தூக்கறதே வலிக்கலாம், ஆபரேஷன் தையல் ஆறாம இறங்கவே கூடாது, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. எனக்கே முதல் வாரம் தொடை மேல்பக்கம் அப்படி வலிச்சுது.

இதுக்கு மேல சொல்றதுதான் முக்கியம்னு நினைக்கறேன். இந்த பெல்ட் இதயத்தையும் நுரையீரலையும் காப்பாத்தும், எலும்பையும் கெண்டைக்காலையும் காப்பாத்தாது. அதுங்களுக்கு அடி விழுந்தாதான் பலம், தண்ணியில அடியே கிடையாது. ஓட அனுமதி கிடைச்சப்போ மூச்சு பழைய மாதிரியே இருந்துச்சு, அதுதான் ஆபத்து, மூச்சு "போ போ"ங்குது, கால் இன்னும் தயாரே ஆகல. படுத்துக்கிட்டு இருந்த நாள்ல ஜோன் பெனாய்ட்ங்கற அமெரிக்க மாரத்தான் வீராங்கனை பத்தி படிச்சுட்டே இருந்தேன், 1984ல முட்டி ஆபரேஷன் ஆன 17வது நாள் அமெரிக்க ஒலிம்பிக் மாரத்தான் தகுதி ஓட்டத்துல ஜெயிச்சாங்க, அதே வருஷம் லாஸ் ஏஞ்சலஸ்ல, பெண்களுக்குன்னு முதல்தடவையா நடந்த ஒலிம்பிக் மாரத்தான்ல 2:24:52ல தங்கம். படிக்கப் படிக்க உடம்பு சிலிர்க்கும், ஆனா அது முட்டிக்குள்ள பண்ண சின்ன ஆபரேஷன், எலும்பு கூடறது வேற கணக்கு, அத பார்த்து நாள் எண்ணாதீங்க. நான் 30 நிமிஷம் வலியில்லாம நடக்க முடிஞ்ச பிறகுதான் 1 நிமிஷ ஓட்டம், 4 நிமிஷ நடைன்னு ஆரம்பிச்சேன், அந்த வாரங்கள்லயும் பெல்ட்ட விடல, ஒரு நாள் ரோடு, ஒரு நாள் பூல்.

5க்கு 4 ஸ்டார் குடுக்கறேன், ஒண்ணு பக்கிளுக்காக குறைச்சேன். ஆனா காலைல 5 மணிக்கு முழிப்பு வந்து, ஷூ ரேக்க பார்த்துட்டு திரும்பிப் படுத்து அழுத நாள் இருக்கு எனக்கு. பெல்ட் வந்த பிறகு அந்த 5 மணிக்கு போக ஒரு இடம் இருந்துச்சு, இன்டர்வல் இருந்துச்சு, முடிச்சுட்டு வெளிய வரும்போது கால் நடுங்குச்சு, நல்லா ஓடின அன்னைக்கு நடுங்குமே, அதே நடுக்கம். நேத்து 20 நிமிஷம் நிக்காம ஓடினேன். பெல்ட் இன்னும் பால்கனி கம்பியிலதான் காயுது, நாளைக்கு மறுபடி பூல்.