நூறு வீட்டு அடுக்ககத்துக்கு 50 கே.எல்.டி. எஸ்.டி.பி.: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இரும்புத் தொட்டிகளுக்குள் எல்லாவற்றையும் அடக்கி, லாரியில் கொண்டுவந்து இறக்கிப் பொருத்தித் தரும் எம்.பி.பி.ஆர். வகைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் (எஸ்.டி.பி.) பற்றிய மதிப்பீடு இது. தொட்டிக்குள் சுழலும் பிளாஸ்டிக் துண்டுகளில் பாக்டீரியாவை வளர்த்துக் கழிவைத் தின்னவைக்கும் முறைதான் எம்.பி.பி.ஆர். கொள்ளளவு நாளொன்றுக்கு 50,000 லிட்டர், அதாவது 50 கே.எல்.டி. நடுவில் இருக்கும், காற்று ஊதும் ஏரேஷன் பகுதி நல்ல சரக்கு, தைரியமாக வாங்கலாம். விலையைக் குறைப்பதற்காக விற்பவர்கள் கை வைக்கும் இடம் அதற்கு முன்னும் பின்னும் உள்ள தொட்டிகள்தான்.

கணக்கு எளிது. 100 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் 54,000 லிட்டர். அதில் 85 சதவீதம் கழிவாக வந்தால் 46,000. ஆக 50 கே.எல்.டி. பொருந்துகிறது. ஆனால் தண்ணீர் நாள் முழுக்கச் சீராக வராது, காலை 6 முதல் 9 மணிக்குள் கொட்டும். ஏரேஷன் தொட்டிக்கோ மணிக்கு 2,100 லிட்டர்தான் போக வேண்டும். மிச்சத்தைத் தாங்குவது முதலில் இருக்கும் சமன் தொட்டி. கொட்டேஷனில் அதற்கு 4 மணி நேரக் கொள்ளளவு, அதாவது 8,400 லிட்டர் போட்டிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது நிரம்பி வழியும்போது ஆபரேட்டர் வால்வை முழுசாகத் திறந்துவிடுவார், பின்னால் சேறெல்லாம் தெளிந்த தண்ணீரோடு அடித்துக்கொண்டு போகும். 8 மணி நேரத்துக்கு 17,000 லிட்டர் வேண்டும். இதை மட்டும் தனியாகக் கான்கிரீட்டில் கட்டிக்கொள்வது மேல். அடியில் காற்றுக் குழாயும் போடுங்கள், இல்லையென்றால் தேங்கி அழுகி நாறும்.

பாக்டீரியா வளரும் அந்தத் துண்டுகளுக்கு மீடியா என்று பெயர். அதை ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். சின்னச் சக்கரம் போன்ற பிளாஸ்டிக் துண்டு, உள்ளே குறுக்குச் சுவர்கள். துண்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே சுழல்வதால் வெளிப்பக்கத்தில் பாக்டீரியா தங்காது, உட்சுவரில்தான் படியும். அதனால் விற்பவர் சொல்லும் பரப்பளவில் உட்பரப்பு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். லிட்டருக்கு 250 மில்லிகிராம் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கப் பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) வந்தால் நாளொன்றுக்கு 12.5 கிலோ. சதுர மீட்டருக்கு 5 கிராம் என்று நிதானமாக வைத்தால் 2,500 சதுர மீட்டர் தேவை. கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் உட்பரப்பு உள்ள மீடியா என்றால் 5 கன மீட்டர். 15 கன மீட்டர் தொட்டியில் அது மூன்றில் ஒரு பங்கு, நன்றாகச் சுழலும். வெளிவாய் சல்லடையின் துளை மீடியாவைவிடச் சிறியதாக இருக்கட்டும். சல்லடை கிழிந்தால் துண்டுகள், அடுத்து சேறு அடியில் படியும் தெளிவுத் தொட்டியின் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே ஓடும் நிலையத்திலிருந்து சேறு கொண்டுவந்து ஊற்றித் தொடங்கினால் மூன்று நான்கு வாரத்தில் வெள்ளைத் துண்டின் உட்புறம் பழுப்பாக, வழவழப்பாக மாறும். கறுத்து நாறினால் காற்று போதவில்லை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு மாதம் ஆகியும் வெள்ளையாகவே இருந்தால் வீடுகளில் ஆசிடும் பினாயிலும் அளவுக்கு மீறி ஊற்றுகிறார்களா என்று பாருங்கள்.

காற்று ஊதும் ப்ளோயர் இரண்டு வேண்டும், ஒன்று ஓட ஒன்று மாற்றுக்கு. 3 எச்.பி. ஒன்று 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 50 யூனிட்டைத் தாண்டும். பில்லைப் பார்த்து இரவில் நிறுத்திவிடுவதுதான் நிலையங்கள் கெட்டுப்போக முக்கியக் காரணம்.

தெளிவுத் தொட்டியில் சேறு கட்டி கட்டியாக மிதந்தால், அடியில் தேங்கிய சேற்றிலிருந்து நைட்ரஜன் வாயு கிளம்பித் தூக்குகிறது என்று அர்த்தம். தினம் இரண்டு வேளை சேற்றை எடுத்தால் சரியாகும். எடுத்த சேற்றைப் பிழிய ஃபில்டர் பிரஸ் விலைப்பட்டியலிலேயே இருக்க வேண்டும். கிருமியைக் கொல்லும் குளோரினுக்கு 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) நாளுக்கு இரண்டரை லிட்டர் போதும். வெயிலில் வீரியம் போய்விடும், ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டாக் வைக்காதீர்கள்.

சட்டப்படி பொறுப்பு இயந்திரத்தை விற்றவர்மேல் இல்லை, வெளியேறும் தண்ணீருக்கு உரியவர்மேல். கட்டுமானம் 20,000 சதுர மீட்டரை எட்டினால் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையில் உள்ள வரம்பு எண்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். மத்திய அரசின் 2017 அறிவிக்கை பெருநகருக்கு பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராம், மற்ற ஊர்களுக்கு 30 என்றது; தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் 10 என்று இறுக்கியது. புதிதாக வாங்குபவர்கள் 10-க்கே எழுதி வாங்குங்கள்.

உபரித் தண்ணீரைப் பற்றி விற்பவர் வாயே திறக்க மாட்டார். ஃபிளஷுக்கு ஆளுக்கு 45 லிட்டர் என்றால் 18,000 லிட்டர் செலவாகும். மீதி 28,000 தோட்டத்துக்கு அதிகம். அதை மழைநீர் வடிகாலில் விடுவது விதிமீறல். பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா என்று முதலிலேயே தீர்மானியுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. சமன் தொட்டி மோட்டாரை மேலே நின்றபடியே இழுத்தெடுக்க வழிகாட்டிக் கம்பியும் சங்கிலியும் கட்டாயம். அடியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும். நெடி தெரியாமல் போவது வாயு இல்லை என்பதற்கு அடையாளமல்ல, செறிவு கூடினால் மூக்கே மரத்துவிடும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். இந்தக் கம்பி இல்லாத மாடலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

கடைசித் தவணையைப் பரிசோதனை முடிவு வரும்வரை கொடுக்க வேண்டாம். வீடுகளில் முக்கால்வாசி குடியேறிய பிறகு, காலை நெரிசல் நேரத்தில், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆள் வந்து மாதிரி எடுக்கட்டும். பாட்டில் ஐஸ் பெட்டியில் போக வேண்டும். பி.ஓ.டி. சோதனைக்கு 27 டிகிரியில் மூன்று நாள் ஆகும். அடுத்த நாளே ரிப்போர்ட் வந்து நின்றால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.