'ஆல்பீஇட்' வைத்து உரசிப் பார்த்தால்: நான்கு ஆங்கில இணைய அகராதிகள்

'ஹி அக்ரீட், ஆல்பீஇட் ரிலக்டன்ட்லி.' ஒன்றைச் சொல்லி முடித்த கையோடு, அதன் வாலில் இரண்டு சொல்லைக் கட்டிக் கனத்தைக் குறைப்பது ஆங்கிலத்தில் அன்றாட வழக்கம். தமிழில் அந்த வேலையை ஒரு 'தான்' முடித்துவிடும்: 'சம்மதித்தார், அரைமனதாகத்தான்.' ஆல்பீஇட் (albeit), தோ (though), இஃப் நாட் (if not) போன்ற இந்தக் குட்டிச் சொற்களில்தான் நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களும் சறுக்குகிறார்கள். அகராதிக்கு இவற்றைவிட நல்ல உரைகல் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன், காலின்ஸ் கோபில்டு ஆகிய நான்கும் ஆங்கிலம் கற்போருக்கென்றே செய்தவை. நான்கையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

முதலில் ஆல்பீஇட். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 'ஆல்தோ' (although) என்று ஒரே சொல்லில் பொருள் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. பொருள் சரி, ஆனால் இதை நம்பி எழுதினால் மாட்டிக்கொள்வோம். ஆல்தோவுக்குப் பின் எழுவாயும் வினையும் கொண்ட முழு வாக்கியம் வரும். இன்றைய ஆங்கிலத்தில் ஆல்பீஇட் அப்படி வருவது அரிது. அதற்குப் பின் பெரும்பாலும் ஒரு வினையடையோ பெயரடையோ ஒரு சிறு தொடரோதான்: 'ஆல்பீஇட் ஸ்லோலி', 'ஆல்பீஇட் வித் சம் டிலே'. 'ஆல்பீஇட் ஹி வாஸ் டயர்டு' என்று எழுதினால் வாசிப்பவருக்கு உறுத்தும். இரண்டு அகராதிகளின் எடுத்துக்காட்டுகளும் சரியான வடிவத்தையே காட்டுகின்றன. ஆனால் பொருளைப் பார்த்ததும் பக்கத்தை மூடுகிறவர் எடுத்துக்காட்டு வரைக்கும் போவாரா?

காலின்ஸ் இங்கே தேறுகிறது. கோபில்டு அகராதி 1987-இல் முதலில் வந்தபோதே, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் செய்த குழு, ஒற்றைச் சொல் பொருளைக் கைவிட்டு முழு வாக்கியத்தில் விளக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆகவே ஆல்பீஇட்டுக்கு இன்னொரு சொல்லைத் தராமல், இப்போது சொன்னதன் வலுவைக் குறைக்கும் செய்தியைச் சேர்க்க இது வரும் என்று அதன் வேலையைச் சொல்கிறது. சம்பிரதாயமான நடைக்குரியது (formal) என்ற குறிப்பும் உண்டு. லாங்மேனும் ஏறக்குறைய இதே வழிதான். சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாவற்றையும் விளக்குவது என்று அது வைத்திருக்கும் கட்டுப்பாடு, பொருள் தேடப் போய் இன்னொரு அகராதியைத் திறக்கும் அவதியைத் தவிர்க்கிறது.

அடுத்தது தோ. தமிழர் செய்யும் பிழை இங்கே வேறு மாதிரி: 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' போடுவது. 'மழை பெய்தாலும், ஆனால் போனோம்' என்று எழுதுவதற்குச் சமம். இரண்டில் ஒன்று போதும். (ஆல்தோவுக்குப் பின் 'யெட்' வந்தால் அவ்வளவு குற்றமில்லை. 1611-ஆம் ஆண்டின் மன்னர் ஜேம்ஸ் விவிலியத்திலேயே 'தோ... யெட்' இணை உண்டு. இன்று எழுதினால் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், அவ்வளவுதான்.) இன்னொன்று இடம். 'இட்ஸ் எக்ஸ்பென்சிவ், தோ' என்று வாக்கியக் கடைசியில் தோவை வைப்பது பேச்சில் மிக இயல்பு. அதே இடத்தில் ஆல்தோவை வைத்தால் தவறு. இரண்டுக்கும் ஒரே பொருள் என்று படித்தவர்கள் விழும் குழி இதுதான். கேம்பிரிட்ஜ் தளத்தில் அகராதிப் பதிவோடு இலக்கணப் பக்கங்களும் இருக்கின்றன. ஆல்தோவையும் தோவையும் அருகருகே வைத்து, எது எங்கே வரும், எது பேச்சுக்கு, எது எழுத்துக்கு என்று பிரித்துக் காட்டும் பக்கம் அவற்றில் உண்டு. ஆல்பீஇட்டில் இழந்த மதிப்பெண்ணைக் கேம்பிரிட்ஜ் இங்கே மீட்டுவிடுகிறது. பேச்சில் அதிகமா எழுத்தில் அதிகமா என்று மட்டும் ஒரு பார்வையில் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு, லாங்மேனில் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் 'எஸ்', 'டபிள்யூ' அடையாளங்களே போதும். முதலாவது பேச்சுக்கு, இரண்டாவது எழுத்துக்கு. கூட 1 என்று இருந்தால் மிக அதிகமாகப் புழங்கும் சொல்.

உண்மையான கண்டம் இஃப் நாட். 'ஹண்ட்ரட்ஸ், இஃப் நாட் தவுசண்ட்ஸ்' என்றால் 'நூற்றுக்கணக்கில், ஏன், ஆயிரக்கணக்கில்கூட இருக்கலாம்' என்று பொருள். சொல்லுக்குச் சொல் வைத்து 'ஆயிரக்கணக்கில் இல்லாவிட்டாலும் நூற்றுக்கணக்கில்' என்று எழுதினால் எண்ணிக்கை மேலே போவதற்குப் பதில் கீழே இறங்கிவிடும். ஆங்கிலேயருக்கே இது முழுக்கத் தெளிவில்லை. 'காம்பிடன்ட், இஃப் நாட் பிரில்லியன்ட்' என்பதை 'திறமையானவர், மேதை என்றே சொல்லலாம்' என்றும் எடுக்கலாம். 'திறமையானவர், மேதை இல்லைதான்' என்றும் எடுக்கலாம். பேசும்போது குரல் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் அந்த உதவி இல்லாததால், முதல் பொருளுக்கு 'பெர்ஹாப்ஸ் ஈவன்', இரண்டாவதற்கு 'தோ நாட்' என்று மாற்றிவிடுவதே உத்தமம்.

இந்தச் சோதனையில் ஆக்ஸ்ஃபோர்டுக்கே முதலிடம். தனியாக 'இஃப் நாட்' என்று தேடி அலையாமல் 'இஃப்' பதிவைத் திறந்து, கீழே மரபுத்தொடர்ப் பகுதிக்குப் போக வேண்டும். 'அதைவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம்' என்ற பொருளை அங்கே மற்றப் பொருள்களிலிருந்து பிரித்துத் தருகிறார்கள். 'எ குட் டிரைவர், இஃப் எ லிட்டில் ஓவர்கான்ஃபிடன்ட்' போல, 'இஃப்' மட்டும் பெயரடைக்கு முன்னால் வந்து முரண் காட்டுவதும் அதே பதிவில் தனிப் பொருளாக இருக்கிறது. 'ஆனால்' என்பதற்கு 'இஃப்' வரும் என்பதே பலருக்குச் செய்தியாக இருக்கும்.

'பட்' பற்றி எந்த அகராதியையும் புரட்ட வேண்டியதில்லை. அங்கே சிக்கல் பொருளில் இல்லை, வரிசையில். பட்டுக்குப் பின் வருவதே மனதில் தங்கும். 'ஸ்மால் பட் கம்ஃபர்டபிள்' பாராட்டு, 'கம்ஃபர்டபிள் பட் ஸ்மால்' குறை. தமிழிலும் 'சோம்பேறி, ஆனால் நல்லவன்', 'நல்லவன், ஆனால் சோம்பேறி' என்று இரண்டு வேறு ஆட்கள் கிடைக்கிறார்கள்.

காலின்ஸ் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரே சொல்லுக்குக் கோபில்டு, பிரிட்டிஷ், அமெரிக்கப் பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பார்க்க வேண்டியது கோபில்டை மட்டும். அடியில் தானாகத் திரட்டிய எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். அவற்றை யாரும் பொறுக்கி வைக்கவில்லை, ஆகவே அப்படியே எடுத்து எழுதக் கூடாது.

ஒலிப்புப் பொத்தான் நான்கிலும் உண்டு, அழுத்திக் கேளுங்கள். எழுத்தைப் பார்த்து 'ஆல்பைட்' என்று படிப்பவர் பலர். 'ஆல் பீ இட்' என்ற மூன்று பழஞ்சொற்கள் ஒட்டிப் பிறந்தது என்று தெரிந்தால் 'ஆல்-பீ-இட்' என்று வாய் தானாகவே பழகும், அழுத்தம் நடுவில். தோவின் முதல் ஒலி, 'அது' என்னும்போது வரும் மெல்லிய த. 'தலை'யில் வரும் வல்லின த அல்ல.