தொடலாமா வேண்டாமா என்று சொல்லும் கைப்பட்டை: வாங்கலாம், ஆனால் பச்சையை நம்பி அல்ல

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் வருகிற சிலிக்கோன் கைப்பட்டையை எங்கள் அலுவலகத்தில் மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்கள். பச்சை போட்டிருந்தால் கைகுலுக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், மஞ்சள் என்றால் முழங்கையால் தட்டிக்கொள்வதோடு சரி, சிவப்பு என்றால் தள்ளி நின்று பேச வேண்டும். 2020, 2021 வாக்கில் கொரோனா பயத்தில் மாநாடுகளிலும் அலுவலகங்களிலும் புழங்கிய பொருள்தான். அப்போது தொற்றுக்காகக் கட்டினோம், இப்போது எங்கள் ஹெச்.ஆர் வாங்கியது யார் எதற்கு சங்கடப்படுகிறார்கள் என்பது வெளியே தெரியட்டும் என்பதற்காக. அந்த எண்ணம் எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது.

பொருளைப் பற்றி முதலில். இலகுவாக இருக்கிறது, நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. அளவு ஒன்றே ஒன்றுதான், மெலிந்த கை உள்ளவர்களுக்குக் கழன்று விழுகிறது. பெரிய குறை, பட்டையில் எழுத்தோ குறியோ எதுவும் இல்லை, வெறும் நிறம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். மற்ற இடங்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒரு கோடு, ஒரு வட்டம் அச்சடித்திருந்தால் தீர்ந்திருக்கும்.

சிவப்புப் பட்டை நன்றாக வேலை செய்கிறது. எங்கள் டீமில் ஒரு மேனேஜர், கம்ப்யூட்டரில் எதையாவது காட்டச் சொன்னால் பின்னால் வந்து நின்று உட்கார்ந்திருப்பவரின் தோளில் கையை வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். கெட்ட எண்ணம் கிடையாது, பழக்கம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் ஒவ்வொரு முறையும் நாற்காலியை லேசாக முன்னால் நகர்த்திக்கொள்வார், அது மேனேஜர் கண்ணில் பட்டதே இல்லை. அந்தப் பெண் சிவப்பு கட்டிய பிறகு அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறார், அவ்வளவுதான் மாற்றம். மேலதிகாரியிடம் "கையை எடுங்க சார்" என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது சொல்ல வேண்டியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சுமையைப் பட்டை வாங்கிக்கொள்கிறது.

பச்சையில்தான் சிக்கல். ஒருவர் காலையில் பச்சை கட்டிக்கொண்டு வந்துவிட்டால், எல்லோருக்கும், நாள் முழுக்க, எல்லாவிதத் தொடுதலுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நெருங்கிய தோழி கட்டிப்பிடிப்பதும் யாரோ ஒரு இயக்குநர் முதுகைத் தடவிக்கொடுப்பதும் ஒன்றா? ஆட்டிசம் உள்ளவர்களின் கூடுகைகளில் இதே மூன்று நிறத்தில் அட்டைகள் வெகு காலமாகவே உண்டு, தொடுவதற்கு அல்ல, பேசுவதற்கு. அதில் மஞ்சளுக்கு 'எனக்குத் தெரிந்தவர்கள் மட்டும் வந்து பேசலாம்' என்று அர்த்தம். எங்கள் பட்டையில் இல்லாத அர்த்தம் அதுதான், வேண்டியதும் அதுதான். இங்கே மஞ்சள் எப்படித் தொடலாம் என்று சொல்கிறதே தவிர யார் தொடலாம் என்று சொல்வதில்லை.

அப்புறம் இன்னொன்று. எல்லோரும் பச்சையில் இருக்கும் டீமில் ஒருவர் மட்டும் சிவப்பு கட்டினால் "என்ன, கோபமா?" என்று கேட்கிறார்கள். பயத்தில் பச்சைக்கு மாறியவர்களும் உண்டு. 2017இல் மீ டூ பரவியபோது எத்தனையோ பேர் வருஷக்கணக்காக அடக்கி வைத்ததை வெளியே சொன்னார்கள். வேலையிடத்தில் வன்முறையும் துன்புறுத்தலும் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் தனி உடன்படிக்கையே நிறைவேற்றி, 2021இல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு சிவப்பு கட்டியவர் ஏன் காரணம் சொல்ல வேண்டும்? தோள் வலியாக இருக்கலாம், நம்பிக்கை சார்ந்ததாக இருக்கலாம், சும்மா பிடிக்காமலும் இருக்கலாம்.

வாங்குகிற அலுவலகங்களுக்கு நான் சொல்வது: பச்சையை வாங்காதீர்கள். சிவப்பும் மஞ்சளும் போதும், பட்டை இல்லாதவரிடம் வாயைத் திறந்து "கைகுலுக்கலாமா?" என்று கேட்டுக்கொள்ளட்டும், ஒரு விநாடி வேலை. மேலதிகாரிகளுக்குப் பட்டையே வேண்டாம், தங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களைத் தாங்களாகத் தொடுவதில்லை என்று அவர்கள் முடிவெடுத்தால் போதும். யார் என்ன நிறம் கட்டுகிறார்கள் என்று ஹெச்.ஆர் பட்டியல் போட்டு வைக்கவும் கூடாது. இப்போதைக்கு 5க்கு 3 கொடுக்கிறேன், அந்த மூன்றும் சிவப்புக்காக.