பள்ளிக்கரணையில் ஒரு காலை, மாடியில் ஒரு காலை: சென்னையில் ஒரு காட்டுயிர் ஓவிய வகுப்பு

இரண்டு நாள் வகுப்புக்குக் கட்டணம் 3,500 ரூபாய். சனிக்கிழமை காலை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கோட்டோவியம். ஞாயிறு காலை பெசன்ட் நகரில், ஓவியரின் வீட்டு மாடியில் நீர்வண்ணம். காட்டுயிர் ஓவியம் என்றதும் காலண்டரில் உறுமும் புலியை வரையக் கற்றுத் தருவார்கள் என்று எண்ணி வந்தவர்கள் எங்களில் இருவராவது இருந்தனர். முதல் அரை மணி நேரம் பென்சிலையே தொடக்கூடாது என்று ஓவியர் சொன்னபோது அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி மாதம், காலை ஆறரை மணி. துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையின் ஓரமாகப் பதினான்கு பேர் நின்றோம். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓவியர் வைத்த விதி எளிமையானது: ஒரே பறவையைப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும், பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நினைவிலிருந்து வரைய வேண்டும், அதன்பின் திரும்பிப் பார்த்து எங்கே தவறினோம் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். நான் நத்தை குத்தி நாரையைத் தேர்ந்தெடுத்தேன். வரைந்ததைக் காட்டியபோது அவர், “இந்தப் பறவைக்கு என்ன வயதிருக்கும் என்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார். பைனாகுலரில் மறுபடி பார்த்த பிறகுதான் விளங்கியது. வளர்ந்த நாரை அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். நானோ வளர்ந்த பறவையின் உடலில் குஞ்சின் அலகை ஒட்டவைத்திருந்தேன். பெயரிலேயே நத்தையைச் சுமக்கும் பறவையின் அலகைக்கூட நான் இத்தனை வருடமும் சரியாகப் பார்த்ததில்லை.

அன்று முழுவதும் கைப்பேசியில் படம் எடுக்கத் தடை. இதில் எனக்கு முதலில் உடன்பாடில்லை. ஆனால் அவருடைய குறிப்பேட்டைப் புரட்டியபோது காரணம் பிடிபட்டது. நீலத் தாழைக்கோழி கோரைத் தண்டை ஒற்றைக் காலால் பற்றி, ஏறத்தாழ நாம் கரும்பைப் பிடிப்பதுபோல், அலகருகே தூக்கிக் கடிக்கும். அந்தக் காலின் பிடியை மட்டும் அவர் ஒரே பக்கத்தில் பதினொரு முறை வரைந்திருந்தார். ஒன்றுகூட முழுமையாக இல்லை. ஆனால் பதினொன்றையும் சேர்த்துப் பார்த்தால் விரல்கள் எந்த வரிசையில் மடங்குகின்றன என்பது தெரிந்துவிடுகிறது.

ஓவியர் வேளச்சேரியில் வளர்ந்தவர். மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் தேங்கும் நீருக்கு வந்த பறவைகளைத்தான் முதலில் வரைந்ததாகச் சொன்னார். அதனாலோ என்னவோ, அவருடைய படங்களில் பறவைக்குப் பின்னால் மலையோ மாலை வானமோ வருவதில்லை. மின்கோபுரமும், கண்ணாடிச் சுவர் வைத்த மென்பொருள் அலுவலகமும், பெருங்குடிக் குப்பை மேடும் வருகின்றன. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சதுப்பு நிலம் இப்படித்தான் இருக்கிறது, இதை மறைத்துப் பூநாரையை வரைவது பொய் என்பது அவர் வாதம். வாதம் சரி, ஆனால் மாடியில் மாட்டியிருந்த பெரிய படம் ஒன்றில் கட்டடங்கள் பூநாரைகளை விழுங்கிவிட்டன என்றே எனக்குப் பட்டது.

ஞாயிறன்று முதலில் அவர் எடுத்துக் காட்டியது ஷேக் ஜைனுத்தீனின் படங்களின் அச்சுப் பிரதிகள். முகலாயப் பாணியில் பயின்ற இந்தப் பாட்னா ஓவியர், 1770களின் இறுதியில் கல்கத்தாவில், நீதிபதி இம்பேயின் மனைவி வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் நேரில் பார்த்து வரைந்தவர். பவானி தாஸ், ராம் தாஸ் ஆகியோரும் அந்தத் தொகுப்புக்காக வரைந்தனர். இறகுக்கு இறகு பார்த்த அந்தப் பொறுமையை எடுத்துக்கொள்ளுங்கள், வெற்றுத் தாள் பின்னணியை விட்டுவிடுங்கள் என்றார் எங்கள் ஓவியர்.

பிறகு கொக்கு. வெள்ளை வண்ணக் குழாயும் கறுப்பு வண்ணக் குழாயும் மேசையிலேயே இல்லை. தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிட்டு, கொக்கைச் சுற்றியிருக்கும் கோரையின் பச்சையைப் பூசிக் கொக்கை ‘வெளியே எடுக்க’ வேண்டும். வயிற்றடி நிழலுக்கு மெல்லிய நீலம், நீரிலிருந்து எதிரொளிக்கும் இடத்தில் கொஞ்சம் மஞ்சள். கறுப்பு வேண்டுமென்றால் அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பையும் கலந்துகொள்ளலாம். கண்ணில் ஒரு புள்ளி அளவு தாளைப் பூசாமல் விட்டதும் என் கொக்கு திடீரென்று என்னைப் பார்த்தது.

குறைகளும் உண்டு. அவர்கள் கொடுத்த தாள் மெலிது. முதல் பூச்சிலேயே அப்பளம்போல் நெளிந்துவிட்டது. சென்னையின் ஈரக் காற்றில் பூச்சு காய மறுத்ததால், பதினான்கு பேருக்கும் இருந்த ஒரே ஹேர் டிரையருக்கு வரிசையில் நின்றோம். மூன்று மணி நேரத்தில் ஒருவரும் படத்தை முடிக்கவில்லை. சனிக்கிழமை நான்கு மணி நேரம் சாலையோரத்தில் நிற்க வைப்பவர்கள் பெண்களுக்குக் கழிப்பறை வசதி பற்றி முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்; கேட்டபோது கிடைத்தது ஒரு சங்கடமான சிரிப்புதான்.

சுவரில் மாட்ட ஒரு படத்தோடு வீடு திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு இந்த வகுப்பு ஏமாற்றமளிக்கும். கட்டணத்தில் முக்கால் பங்கைச் சனிக்கிழமைக்கே கொடுக்கலாம் என்பது என் கணக்கு. சேர்வதாக இருந்தால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள கனமான பருத்தித் தாள் இரண்டை நீங்களே வாங்கிச் செல்லுங்கள். தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், எட்டு மணிக்கு மேல் அந்தச் சாலையில் நிழலே கிடையாது.