கொண்டேவைப் பார்க்கவே இந்த நடைக்குப் போகலாம்

போன சனிக்கிழமை இங்கே மொரீஷியஸில் லே பெத்ரேன் பக்கம், பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில், அரைநாள் பறவை நடை போய் வந்தேன். கத்ர் போர்ன் ஊரில் சொன்ன நேரத்துக்கு வந்து ஏற்றிக்கொண்டார்கள், தொலைநோக்கி நல்லது, தேநீர் சுமார். இளஞ்சிவப்புப் புறாவைக் கிட்டத்தில் பார்த்தேன். 1990 வாக்கில் காட்டில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்த பறவை அது, கண் கலங்கிவிட்டது.

ஆனால் எழுத வந்தது கொண்டே பற்றி, இங்கே நாம் பேசும் கிரியோல் மொழியில் ஒரு பறவையின் பெயர் அது. நம் முற்றத்துப் பப்பாளிப் பழத்தைக் கொத்துகிற அதே குருவிதான், தமிழ்நாட்டில் சின்னான் என்றும் கொண்டைக்குருவி என்றும் சொல்வார்கள். வழிகாட்டித் தம்பி "கொண்டே, கொண்டே" என்று விரலை நீட்டினார், நான் அந்தக் கறுப்பு உச்சிமுடியைப் பார்த்தேன், தலைக்குக் குளித்துவிட்டு முடியை அள்ளி முடிகிற பாட்டிதான் நினைவுக்கு வந்தார். கொண்டை! இத்தனை வருஷம் இந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டே கவனிக்காமல் இருந்திருக்கிறேன். பறவை இந்தத் தீவுக்கு வந்தது 1892இல், ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் வரத் தொடங்கியது 1834இல், கைவினைஞர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வந்துவிட்டார்கள். ஆக, அது வந்து இறங்கியபோது பெயர் சொல்லிக் கூப்பிட இங்கே தமிழ் வாய் இருந்தது. கறிவேப்பிலை கிரியோலில் காரிபூலே ஆனதும் முருங்கைக்கீரை ப்ரெட் மூரும் ஆனதும் நமக்குத் தெரியும், கொண்டேவும் அதே வழியில் வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

அப்புறம் மார்த்தேன், அதாவது மைனா. வெட்டுக்கிளிகளைத் தின்னட்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தார்கள். அதன் லத்தீன் பெயர் அக்ரிடோத்தெரெஸ் திரிஸ்திஸ், முதல் சொல்லுக்கு வெட்டுக்கிளி வேட்டைக்காரன் என்று பொருள், இரண்டாவது சோகமானது. கொண்டேவுக்கு வைத்ததோ ஜொகோசுஸ், குறும்புக்காரன். பழைய தமிழில் மைனாவுக்கு நாகணவாய் என்றும் பூவை என்றும் பெயர், பூவை என்றால் பெண் என்றும் பொருள் உண்டு. சோகம் என்று பெயர் வைத்தவருக்கு இந்தப் பறவை காலையில் போடும் சத்தம் கேட்டிருக்காது போல.

குறை ஒன்றுதான், ஆனால் எனக்குப் பெரிய குறை. கையில் கொடுத்த தாளில் பிரெஞ்சும் லத்தீனும் மட்டுமே, கிரியோல் பெயர் ஒன்றுகூட இல்லை. எங்களோடு வந்த பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் பேசும் பெயரைத் தாளில் தேடித் தேடி அலுத்துப்போனார்கள். பெயர்களின் பொருளைக் கேட்டால் வழிகாட்டி அடுத்த பறவைக்குப் போய்விடுகிறார். பறவைகளை நன்றாக அறிந்தவர், குரலை வைத்தே சொல்லிவிடுகிறார், அதனால்தான் ஆதங்கம்.

போங்கள், கண்டிப்பாகப் போகலாம். மேலே தூறலும் குளிரும் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் நடக்கக்கூடியவர்களாக இருந்தால் கூட்டிப்போங்கள், அடுத்த தடவை நான் அம்மாவை அழைத்துப்போகிறேன், தாளில் இல்லாத பெயர்களை அவர் சொல்லுவார்.