புதுப் பயிற்றுநர்: ஊர் அண்ணையா, வெளியாளா?

முல்லைத்தீவில எங்கட உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பயிற்றுநர் தேடுறம். எங்கட ஊரில நல்லா விளையாடுற அண்ணையை எடுக்கிறதோ, சான்றிதழ் உள்ள வெளியாளை எடுக்கிறதோ எண்டு பெடியள் ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு நிக்கிறாங்கள்.

செலவு
அண்ணை: பெற்றோல் காசு போதும்.
வெளியாள்: சம்பளம், தங்க இடம், சாப்பாடு.

நேரம்
அண்ணை: ஒவ்வொரு பின்னேரமும் மைதானத்தில நிப்பார். அரிவுவெட்டுக் காலத்தில ஆர் வருவினம், ஆர் வராயினம் எண்டதும் தெரியும்.
வெளியாள்: யாழ்ப்பாணத்தில இருந்து வந்துபோனால் கிழமைக்கு ரெண்டு நாள்தான்.

அறிவு
இங்கதான் உண்மையான சண்டை. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின்ர 'சி', 'பி' தரப் பயிற்றுநர் சான்றிதழ் எடுத்த வெளியாள் வயதுக்கேற்ற மாதிரிப் பயிற்சியைத் திட்டம்போட்டுக் குடுப்பார். அண்ணை அருமையான ஆட்டக்காரர். ஆனா நல்லா விளையாடுறது வேற, பழக்குறது வேற. பார்சிலோனாக் கழகத்தில ஆட்டக்காரரா வளர்ந்த குவார்டியோலாவே முதல்ல அதின்ர ரெண்டாவது அணியான 'பி' அணியைப் பழக்கிப்போட்டுத்தான் 2008இல முதலணிக்குப் பயிற்றுநரா வந்தவர். வெளியாளுக்கு உதாரணம் வெங்கர்: 1996இல ஜப்பானில இருந்து இங்கிலாந்தின்ர ஆர்சனல் கழகத்துக்குப் பயிற்றுநரா வந்தார். 1998இல அந்த நாட்டின்ர லீக் பட்டமும் எப்.ஏ. கிண்ணமும் கிடைச்சுது.

வாற சுற்றுப்போட்டி மட்டும்தான் நோக்கமெண்டால் அண்ணை போதும். 15 வயதுப் பெடியளை வளர்க்கவேணுமெண்டால் வெளியாள்தான். என்ர வாக்கு வெளியாளுக்கு; அண்ணை உதவிப் பயிற்றுநரா நிக்கட்டும், அவரைச் 'சி' தரப் படிப்புக்கு அனுப்பக் கழகம் காசு போடவேணும்.