என்டிபி நேரத்தைக் கேட்பது: காதாலா, வாயாலா?

மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மூன்று ஷிப்ட். மூன்று ஷெட்டிலும் எல்இடி சுவர்க் கடிகாரம், வாசலில் ஒரு சைரன். அங்கே யாரும் அதைச் சைரன் என்று சொல்வதில்லை, சங்குதான். கடிகாரம் ஒவ்வொன்றும் ஒரு மணி காட்டி, ஓவர்டைம் கணக்கில் தகராறு வந்து, கடைசியில் மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு ஒரு ஜிபிஎஸ் நேரப்பெட்டி வாங்கிப் போட்டார்கள். 64 விநாடிக்கு ஒரு தடவை "இப்போது மணி இது" என்று நெட்வொர்க் முழுக்க என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை ஒத்து வைக்கும் முறை) பிராட்காஸ்ட், அதாவது எல்லாருக்கும் பொதுவான அறிவிப்பு, அனுப்புவது அந்தப் பெட்டியின் வேலை. அதைக் கேட்டு கடிகாரங்களையும் சங்கையும் ஓட்ட ஒரு புரோகிராம் எழுதித் தருவது என் வேலை. திருநகரிலிருந்து வண்டியில் கொஞ்ச தூரம்தான், ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஒரு மாதம் இழுத்தது.

இழுத்ததற்குக் காரணம், ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்துத் திரும்பி வந்ததுதான். நேராக யுடிபி சாக்கெட் (பாக்கெட்டை வாங்க புரோகிராம் திறந்து வைக்கும் வாசல்), பாக்கெட்டை ஒட்டுக்கேட்பது, ரெடிமேட் டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்), அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டு எதிர்க்கேள்வி போடுவது என்று நான்கு வழிகள். எது எதற்குத் தோது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பாக்கெட். எந்த வழியில் போனாலும் கைக்கு வருவது இதுதான். போர்ட் 123, யுடிபி, மொத்தம் 48 பைட். முதல் பைட்டிலேயே பாதிக் கதை இருக்கிறது. எங்கள் பெட்டியின் பாக்கெட்டில் அது 37. எட்டால் வகுத்தால் ஈவு 4, மீதி 5. மீதிதான் பாக்கெட்டின் வகை: 3 என்றால் கேள்வி கேட்கும் கிளையன்ட், 4 என்றால் பதில் சொல்லும் சர்வர், 5 என்றால் பிராட்காஸ்ட். ஈவு 4 என்பது என்டிபியின் பதிப்பு எண். அதற்கும் மேலே இருக்கும் இரண்டு பிட் எச்சரிக்கைக்கு உரியது. அவை இரண்டும் 1 ஆக இருந்தால் "என் கடிகாரமே இன்னும் சரியாகவில்லை, என்னை நம்பாதே" என்று அர்த்தம். அப்போது அதே பைட் 229 என்று வரும். இந்த 229-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி 8 பைட்டில், அதாவது 40 முதல் 47 வரை, அனுப்பிய நேரம். முதல் நாலு பைட் 1900 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள், அடுத்த நாலு பைட் விநாடியின் பின்னம். 3944678400 என்று வந்தால் அதில் 1900-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட விநாடிகளான 2208988800-ஐக் கழிக்க வேண்டும். 1735689600 கிடைக்கும். 1970 முதல் எண்ணும் லினக்ஸ் கணக்கில் அது 2025 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு. நமக்குக் காலை 5:30. எழுதிய புரோகிராம் இந்த ஒரு எண்ணுக்குச் சரியாக விடை சொன்னால் பைட் வரிசையில் தப்பில்லை என்று நம்பலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 32 பிட் விநாடி எண் 2036 பிப்ரவரி 7 அன்று நிரம்பி மறுபடி 0 ஆகும். நம் நேரப்படி அது காலை 11 மணி 58 நிமிடம் 16 விநாடி. மதியச் சாப்பாட்டுச் சங்குக்கு இரண்டு நிமிடம்கூட இருக்காது. 2208988800-ஐக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கிற புரோகிராம் அன்றைக்கு 1900-க்குப் போய்ச் சாப்பிடும். மேல் பிட் 0 ஆக வந்தால் 4294967296-ஐக் கூட்டிக்கொள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

முதல் வழி சாக்கெட். பைத்தானில் இருபது வரி. நான் ஆரம்பித்தது இதில்தான், முதல் வாரத்தை விட்டதும் இதில்தான். சாக்கெட்டைத் திறந்தேன், மெஷினின் சொந்த ஐபி முகவரியில் போர்ட் 123-ஐ பைண்ட் செய்தேன் (அதாவது சாக்கெட்டை அதனோடு கட்டினேன்), காத்திருந்தேன். ஒரு பாக்கெட்டும் இல்லை. பின்னால் வந்து நின்ற எலக்ட்ரீசியன் அண்ணன் கேட்டார்: "தம்பி, பெட்டி பேசுதா, இல்ல நம்மளப் போல வேடிக்கை பாக்குதா?"

பெட்டி பேசிக்கொண்டுதான் இருந்தது. லினக்ஸில் சாக்கெட்டைச் சொந்த முகவரியோடு கட்டிப்போட்டால், அந்த முகவரிக்கென்று வருவதை மட்டும்தான் அது வாங்கும். பிராட்காஸ்ட் பாக்கெட் வருவதோ 255-இல் முடிகிற பொது முகவரிக்கு. 0.0.0.0 என்று பூஜ்யம் நான்கையும் போட்டு எல்லா முகவரிக்கும் திறந்து வைத்த அடுத்த நிமிடம் 37 வந்து விழுந்தது. பெட்டி மல்டிகாஸ்டில் (குழுவில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அனுப்பும் முறை) பேசுவதாக இருந்தால் 224.0.1.1 என்ற குழுவில் சேர்கிறேன் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதையும் எந்த நெட்வொர்க் கார்டு வழியாக என்று குறிப்பிட்டுச் சொல்வது நல்லது. இரண்டு கார்டு உள்ள மெஷினில் லினக்ஸின் உட்கருவான கெர்னல் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். போர்ட் 1024-க்குக் கீழே என்பதால் ரூட் உரிமையும் கேட்கும். புரோகிராமையே ரூட்டில் ஓட்டாமல், புரோகிராம்களைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் ஃபைலில் அந்த ஒரு உரிமையை மட்டும் கொடுத்தேன்.

இரண்டாவது, டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பார்க்கும் கருவி அல்லது அதன் அடியில் இருக்கும் லிப்பிகேப் நூலகம் மூலம் ஒட்டுக்கேட்பது. பைத்தான்காரர்களுக்கு ஸ்கேப்பி. பைண்ட் கிடையாது, குழுவில் சேரும் சடங்கு கிடையாது, கம்பியில் வந்ததை வந்தபடி காட்டும். பாக்கெட் வந்து சேர்ந்த நேரத்தைக் கெர்னலே குறித்துக் கொடுத்துவிடுவதால் அதற்கென்று தனியாக மெனக்கெட வேண்டாம். சாக்கெட் வழியில் அதே துல்லியம் வேண்டுமென்றால் நேர முத்திரை ஆப்ஷனைத் தட்டிவிட்டு, முத்திரையைத் துணைத் தகவலிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பைத்தான் தூங்கி எழுந்து மணி பார்க்கிற வரை ஆகும் தாமதமும் கணக்கில் ஏறிவிடும்.

ஆனால் ஒட்டுக்கேட்பவருக்குத் தலைப்புகளையும் சேர்த்துத்தான் கிடைக்கும். ஈதர்நெட் 14, ஐபி 20, யுடிபி 8, ஆக 42 பைட் தாண்டித்தான் நம் 48 ஆரம்பம். விலேன் போட்ட (ஒரே கம்பியில் தனித்தனியாகப் பிரித்த) நெட்வொர்க்காக இருந்தால் நடுவில் இன்னும் 4 நுழையும், 42 என்று எழுதி வைத்த புரோகிராம் உளற ஆரம்பிக்கும். அப்புறம், ஒட்டுக்கேட்டால் ஊர் முழுக்க நடக்கும் பேச்சு கேட்கும் என்று நினைக்க வேண்டாம். மற்ற மெஷின்கள் தங்களுக்குள் பேசும் கேள்வி பதிலை ஸ்விட்ச் நம் பக்கம் அனுப்பவே அனுப்பாது. நமக்கென்று வருவதும் பொதுவாக வருவதும்தான் காதில் விழும். மீதியும் வேண்டுமென்றால் ஸ்விட்சில் போர்ட் மிரரிங் போட்டு, அந்தப் பேச்சின் நகலை நம் பக்கம் திருப்ப வேண்டும்.

இரண்டில் எது என்றால், ஓட விடுவதற்குச் சாக்கெட், பழுது பார்க்க ஒட்டுக்கேட்பது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். லிப்பிகேப் பாக்கெட்டைப் பிடிப்பது ஃபயர்வாலுக்கு முன்னால், சாக்கெட்டுக்குக் கிடைப்பது ஃபயர்வாலுக்குப் பின்னால். டிசிபிடம்பில் தெரிகிற பாக்கெட் சாக்கெட்டில் வரவில்லை என்றால் குற்றம் நம் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது: ஃபயர்வால், இல்லை பைண்ட். இரண்டிலுமே வரவில்லை என்றால் ஸ்விட்சைப் போய்ப் பாருங்கள். முதல் வாரமே இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டியிருந்தால் அண்ணன் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது வழி, எழுதாமலே இருப்பது. உலகம் முழுக்க ஓடும் டீமன்கள் இருக்கும்போது நாம் ஏன் எழுத வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. இன்றைக்கு லினக்ஸில் பெரும்பாலும் காணப்படும் க்ரோனி, பிராட்காஸ்ட் அனுப்பத் தெரிந்தது, கேட்கத் தெரியாதது. சிஸ்டம்டி டைம்சிங்க்டி கேள்வி கேட்க மட்டும் தெரிந்தது. பழைய என்டிபிடி பிராட்காஸ்ட் கேட்கும், ஆனால் சாவி போட்டு உறுதி செய்யாத பாக்கெட்டை இயல்பாக நம்பாது. டெபியன் 12-இல் அதன் இடத்துக்கு வந்த என்டிபிசெக், பாதுகாக்க முடியாத வேலை என்று பிராட்காஸ்ட் கேட்பதையே கழற்றிவிட்டது. இத்தனை பேர் ஒதுக்கிய வழியில் நாம் மட்டும் ஏன் போகிறோம் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

ஏன் ஒதுக்கினார்கள் என்பது எனக்கு என் அப்பா சொன்ன கதையில்தான் புரிந்தது. சின்ன வயதில் அவருக்குக் கடிகாரம் மில் சங்குதான். சங்கு ஊதினால் உலையில் அரிசி விழும், பையன் பள்ளிக்குக் கிளம்புவான். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மில்லிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டுக்குச் சங்கு ஏறக்குறைய 9 விநாடி தாமதமாகத்தான் வரும். வீட்டில் இருப்பவர் எவ்வளவு கூர்ந்து கேட்டாலும், தூரம் தெரியாவிட்டால் அந்த 9 விநாடியை அவரால் கண்டுபிடிக்கவே முடியாது. பிராட்காஸ்டும் இதே கதைதான். பாக்கெட்டில் அனுப்பிய நேரம் இருக்கிறது, வழியில் எவ்வளவு நேரம் சுணங்கியது என்பது இல்லை. அதனால்தான் என்டிபியின் பிராட்காஸ்ட் கிளையன்ட்கூட ஆரம்பத்தில் சர்வரிடம் சில கேள்விகள் கேட்டுத் தாமதத்தை அளந்துகொண்டு, அதற்கு அப்புறம்தான் வாயை மூடிக்கொண்டு காதைத் திறக்கும்.

நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். சங்கைக் கேட்கிறோம், ஆளிடமும் கேட்கிறோம். நாலாவது வழி அந்த இரண்டாவது கேட்பது. நான் கேள்வி அனுப்பிய நேரம், சர்வர் அதை வாங்கிய நேரம், அது பதில் அனுப்பிய நேரம், பதில் என்னிடம் வந்த நேரம் என்று நாலு நேரம் கிடைக்கும். முதல் இரண்டின் வித்தியாசத்தையும் கடைசி இரண்டின் வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால் வழித் தாமதம் தனியாகவும் கடிகாரப் பிழை தனியாகவும் பிரிந்துவிடும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் பிடித்தால் கணக்குக் கச்சிதம். புரோகிராமும் சின்னது: முதல் பைட்டில் 35, கடைசி 8 பைட்டில் அனுப்பும் நேரம் போட்டு, மீதியைப் பூஜ்யமாக விட்டு அனுப்பினால் 36-இல் ஆரம்பிக்கும் பதில் வரும். போர்ட் 123-ஐப் பிடிக்க வேண்டியதில்லை, ரூட்டும் வேண்டாம்.

கம்பியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஒரே ஸ்விட்சில் தாமதம் மில்லிசெகண்டைத் தொடாது, சங்குக்கு அது எம்மாத்திரம். ஆனால் மூன்றாவது ஷெட்டுக்குக் கம்பி இழுக்காமல் வைஃபையில் விட்டிருந்தார்கள். வைஃபை ஆக்சஸ் பாயின்ட், தூங்கும் போன்களுக்காகப் பிராட்காஸ்டைக் கையில் பிடித்து வைத்திருந்து, தான் அவ்வப்போது அனுப்பும் பீக்கன் என்ற அடையாள அறிவிப்புகளில் குறிப்பிட்ட ஒன்று வரும்போதுதான் வெளியே விடும். பீக்கன் இடைவெளியே வழக்கமாக 100 மில்லிசெகண்டைத் தாண்டும். அதனால் அங்கே வந்த நேரம் ஊஞ்சல் ஆடியது. கேள்வி கேட்டு வாங்கும் பதில் தனி ஆளுக்கு வருவது, கடிகாரம் தூங்காமல் விழித்திருந்தால் அதை யாரும் பிடித்து வைப்பதில்லை.

என்டிபியைவிடத் துல்லியமான பிடிபி என்ற நேர முறை பற்றி ஒரு வார்த்தை. ஐஇஇஇ 1588 என்ற தரம், போர்ட் 319, 320, மல்டிகாஸ்ட் 224.0.1.129. ஹார்டுவேர் முத்திரை இருந்தால் மைக்ரோசெகண்டுக்கும் கீழே போகும். சங்கு ஊத அதை எடுத்தால் மலையைக் கெல்லி எலி பிடித்த கதை. யாராவது எடுத்தே தீருவேன் என்றால் ஒன்றை மறக்க வேண்டாம்: அது வழக்கமாகச் சொல்வது டிஏஐ என்ற அணுக்கடிகார நேரம், நம் உலக நேரத்தைவிட இப்போதைக்கு 37 விநாடி முன்னால் ஓடுகிறது. வித்தியாசம் எவ்வளவு என்பது அனவுன்ஸ் செய்தியில் வரும். சிங்க் செய்தியை மட்டும் கேட்டுவிட்டு எழுதினால் ஷிப்ட் 37 விநாடி முன்பே முடியும். தொழிலாளர்கள் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

இனி 229. இரண்டாவது வாரம் ஒருநாள் மதியம் கரண்ட் போய் வந்தது. பெட்டி புதிதாக எழுந்து, வானத்தில் செயற்கைக்கோள் தேடிக்கொண்டிருந்த நேரத்திலேயே பிராட்காஸ்டை ஆரம்பித்துவிட்டது, ஜிபிஎஸ் எண்ணத் தொடங்கிய 1980 ஜனவரி 6 என்ற தேதியோடு. முதல் பைட்டில் 229 போட்டு எச்சரித்தும் இருந்தது. என் புரோகிராம் வகை 5-ஆ என்று மட்டும் பார்த்தது, எச்சரிக்கையைப் பார்க்கவில்லை. 1980-இல் மணி என்னவோ அதற்கு ஏற்ற சங்கை ஊதியது. ஷெட்டில் நிஜ மணி மூணரை. பாதி ஷெட் கை கழுவப் போய்விட்டது. பெட்டி செய்தது தப்பில்லை, படிக்காமல் விட்டது நான்.

எச்சரிக்கை பிட்டைப் பார்ப்பதைச் சேர்த்தாலும் பிராட்காஸ்டில் இன்னொரு பயம் மிச்சம். அதே நெட்வொர்க்கில் யார் வேண்டுமானாலும் 48 பைட்டை உருட்டி அனுப்பலாம், கேட்பவர் நம்பிவிடுவார். கேள்வி பதிலில், நான் அனுப்பிய நேரத்தைச் சர்வர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் பதிலைக் குப்பையில் போடலாம். 2020-இல் வந்த என்டிஎஸ் பாதுகாப்பு முறையும் கேள்வி பதிலுக்குத்தான், பிராட்காஸ்டுக்கு இல்லை.

ஆகவே கடைசியில் நிறுத்தியது இது. கடிகாரங்களும் சங்கும் பெட்டியிடம் கேள்வி கேட்டு நேரம் வாங்குகின்றன. சங்கு ஓட்டும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் க்ரோனி. அதற்குப் பெட்டி போக, டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வரையும் இன்டர்நெட் வழியாக ஒத்துப் பார்க்கக் கொடுத்தேன். முதலில் எழுதிய சாக்கெட் புரோகிராமைத் தூக்கிப்போடவில்லை. இப்போது அது எதையும் திருத்துவதில்லை. ஓரமாக உட்கார்ந்து, யார் என்ன மணி சொல்கிறார்கள், முதல் பைட் என்ன என்று ஒரு வரி எழுதி வைக்கும்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி கரண்ட் போய் வந்தது. பதிவைத் திறந்து பார்த்தேன். 229 என்று வரிசையாக 12 வரி. 64 விநாடிக்கு ஒன்று என்றால் 13 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் முழுச் செய்தியும் ஒரு சுற்று வந்து முடிய பன்னிரண்டரை நிமிடம் ஆகும், அதைத்தான் பெட்டி கேட்டு முடித்திருக்கிறது. பதின்மூன்றாவது வரியில் 37. சங்கு 2 மணிக்கு ஊதியது.